ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆயுள் முழுக்கக் கஞ்சிதானா?

கோபிசெட்டிபாளையத்தில் தையல் கடை நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 41, எடை 112 கிலோ, உயரம் 158 செ.மீ. ஆறு வருடமாகச் சர்க்கரை, முழங்கால் வலி வேறு. எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வீட்டில்தான் பயப்படுகிறார்கள். எத்தனை கிலோ குறையும், எப்போது கடை திறக்கலாம், இனி கஞ்சிதானா என்று கேட்கிறார். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

112-லிருந்து 60-க்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள். ஸ்லீவில் பொதுவாக மொத்த எடையில் கால் பங்கு, சிலருக்கு இன்னும் கொஞ்சம், ஒன்று ஒன்றரை வருடத்தில் குறையும். நீங்கள் 80 கிலோவை ஒட்டி வந்து நிற்பீர்கள், உங்கள் முழங்காலுக்கு அதுவே பெரிய விடுதலை. மூன்றாம் வாரம் வாக்கில் எடை அப்படியே நின்றுவிடும். 'ஆபரேஷன் ஃபெயிலியரா மேடம்?' என்று முக்கால்வாசிப் பேர் எனக்கு போன் செய்வது அப்போதுதான். கொஞ்ச நாளில் தானாக இறங்க ஆரம்பிக்கும்.

வயிற்றில் நாலைந்து சின்னத் துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி ஒரு வாழைப்பழ வடிவக் குழாய், 100 முதல் 150 மில்லி பிடிக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது வெட்டி எடுக்கும் பகுதியில்தான், அதனால் முதல் சில மாதம் பலருக்குப் பசியே தெரியாது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தால் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். ஸ்லீவ் அதைக் கூட்டலாம், அப்படிப்பட்டவர்களுக்கு இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் ஆபரேஷன்) பொருந்தலாம்.

உயிருக்கு ஆபத்து என்று வீட்டில் சொல்வது முழுப் பொய்யில்லை, ஆனால் அனுபவமுள்ள இடத்தில் அது பித்தப்பை ஆபரேஷன் அளவுக்குத்தான். பயப்பட வேண்டியது தையல் போட்ட இடத்தில் கசிவு. முதல் இரண்டு நாள் தோள்பட்டை வலிப்பது பெரும்பாலும் உள்ளே ஏற்றிய வாயுவால், நடந்தால் சரியாகும். ஆனால் காய்ச்சல், நாடித்துடிப்பு 120-க்கு மேல், வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, கஞ்சிக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றிரண்டு வாரம் பெரும்பாலும் திரவ உணவு தருவார்கள், கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். முடிந்த பிறகு இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் மென்மையானது. இருமல் மருந்து பாட்டில் மூடி இருக்கிறதே, அதுதான் முதல் நாட்களில் உங்கள் டம்ளர். பிறகு பாதி இட்லியை இருபது நிமிடம் மென்று சாப்பிடுவீர்கள், அதற்கே நெஞ்சு அடைத்தது போல இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் வீட்டுச் சாப்பாடுதான், அளவு மட்டும் சின்னது. ஆனால் சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் தள்ளித்தான்.

நம் சாப்பாட்டில் உண்மையான சிக்கல் புரதம். ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் சொச்சம்தான். அதனால் தட்டில் முதலில் முட்டை, மீன், பனீர், கெட்டிப் பருப்பு. சோற்றுக்கு இடமிருந்தால் பார்க்கலாம். மிக்சரும் டீயில் நனைத்த பிஸ்கட்டும் அந்தச் சின்னக் குழாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்ததே தெரியாது. இரண்டாவது வருடம் எடை திரும்ப ஏறி வருபவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் மதியச் சாப்பாடு ஒழுங்காக இருக்கும், நாலு மணி டீதான் மாட்டும்.

மூன்றாம் மாதத்திலிருந்து பலருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுளுக்கும் வேண்டும், ரத்தப் பரிசோதனையும் வருடா வருடம். நாள் கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் உடனே போங்கள், பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும். சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவில் நீங்களாகத் தொடராதீர்கள். எடை குறைவதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே சர்க்கரை இறங்கும், அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

கடையை இரண்டு மூன்று வாரத்தில் திறக்கலாம், துணி மூட்டை தூக்குவதை மட்டும் ஆறு வாரம் வேறு யாரிடமாவது விடுங்கள். உங்களுக்கென்று புதிதாக ரவிக்கை எதுவும் வெட்டாதீர்கள். ஒரு வருடம் வரை இருப்பதையே மாதாமாதம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும்.