மருந்து ஆய்வு வேலைக்கு மகளை அனுப்பலாமா? விருதுநகர் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, வணக்கம்.

ஃபார்ம்.டி. என்ற மருந்தியல் பட்டம் முடித்த மகளுக்குச் சென்னையில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 'கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர்', அதாவது மருந்து ஆய்வின் அன்றாட வேலைகளை ஒருங்கிணைப்பவர் வேலை கிடைத்திருக்கிறது என்றும், "நோயாளிங்க மேல மருந்தைச் சோதிக்கிற இடத்துக்குப் பொம்பளப் பிள்ளையை அனுப்பவா?" என்றும் எழுதியிருந்தீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் பிள்ளை தலையில் விழுமோ என்ற பயமும் அதில் தெரிந்தது. சம்பளத்தைப் பற்றிய ஆதங்கமும்தான்.

உங்கள் பயத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியை ஒரு திட்டமாகப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பலர் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றுதான் விசாரணை சொன்னது. ஆனாலும் அந்தக் கையெழுத்துகளுக்குச் சமாதானம் சொல்ல யாராலும் முடியவில்லை. 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அதே காலத்தில் மருந்து ஆய்வுகள் குறித்து உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. இன்றைக்கு இருக்கும் கெடுபிடிகளில் பாதி அந்த அடியில் வந்தவை. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஒவ்வொரு ஆய்வையும் பதிவு பெற்ற ஒரு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள்தான். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவமே தெரியாத சாதாரண ஆள் ஒருவர், ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம்.

சரி, பல்கலைக்கழகம் ஏன் மருந்து ஆய்வு நடத்துகிறது? அது கம்பெனி வேலைதானே என்கிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். புது மருந்தை விற்க வேண்டுமானால் கம்பெனி அதைச் சோதித்து நிரூபித்தாக வேண்டும். அந்தச் செலவை விலையில் எடுத்துக்கொள்ளும். ஆனால் காப்புரிமை முடிந்து, மாத்திரை சில ரூபாய்க்கு விற்கும் பழைய மருந்து ஒன்று வேறொரு நோய்க்கும் கேட்குமா என்று பார்க்க எந்தக் கம்பெனி கோடிகளைப் போடும்? அங்கேதான் பல்கலைக்கழகங்கள் வருகின்றன.

கொரோனா காலத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 'ரெக்கவரி' என்று ஓர் ஆய்வைத் தொடங்கியது. கையில் இருக்கும் மருந்துகளில் எது உயிரைக் காப்பாற்றுகிறது என்று பிரிட்டன் முழுக்க அரசு மருத்துவமனைகளில் பார்ப்பது நோக்கம். அதில் ஒன்று டெக்ஸாமெதசோன். நம் ஊர் மருந்துக்கடைகளில் எத்தனையோ வருஷமாகக் கிடக்கும் ஸ்டீராய்டு. 2,104 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு தினம் 6 மில்லிகிராம் டெக்ஸா. 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. டாக்டர் கையில் விட்டால் மோசமாக இருப்பவர்களுக்கே மருந்தைக் கொடுப்பார், கணக்குக் கெட்டுவிடும். மூன்று மாதத்தில் முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில், டெக்ஸா இல்லாதவர்கள் 100-க்கு 41 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். டெக்ஸா பெற்றவர்களில் 29 பேர். ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் ஓரளவு பயன் இருந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை. எண்கள் கெடுதல் பக்கம்தான் சாய்ந்தன. நம் பக்கத்தில் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்த சீட்டுகளை நினைத்துப் பார்த்தால் இந்தக் கடைசி வரியின் அருமை தெரியும்.

இதே ஆய்வுதான், கொரோனாவுக்குக் கேட்கும் என்று அப்போது பேசப்பட்ட மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குப் பயனில்லை என்றும் காட்டியது. இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம், குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பிளாஸ்மா சிகிச்சையைச் சோதித்து, பலனில்லை என்று 2020-லேயே வெளியிட்டது. அதற்குப் பிறகும் 2021 கோடையில் "பிளாஸ்மா வேணும்" என்று வாட்ஸப்பில் நாம் எத்தனை செய்தி அனுப்பினோம்! ஒரு சிகிச்சை வேலை செய்யாது என்று தெரிவதும் நோயாளிக்கு லாபம்தான். அதை நிரூபிக்கக் கம்பெனிக்கு அக்கறை இருக்காது.

பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவார்களாமே என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரெக்கவரியில் டம்மி மருந்தே கிடையாது. டம்மி பயன்படும் ஆய்வுகளும் உண்டு. அங்கேயும் தெரிந்த நல்ல சிகிச்சையை மறித்துவிட்டு டம்மி கொடுக்க நெறிமுறைக் குழு லேசில் விடாது. டம்மி வரக்கூடும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இப்போது கேஸ் விஷயம். ரெக்கவரிக்குப் பணம் பெரும்பாலும் பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வந்தது. ஆனால் ஆய்வுக்குச் சட்டப்படி பொறுப்பேற்ற ஸ்பான்சர் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம். இந்த வித்தியாசம் முக்கியம். கோயில் கும்பாபிஷேகத்துக்கு உபயம் யார் வேண்டுமானாலும் தரலாம். பந்தல் சரிந்தால் பதில் சொல்ல வேண்டியது கமிட்டித் தலைவர்தானே? ஸ்பான்சர் அந்தக் கமிட்டித் தலைவர். திட்டம் சரியாக நடக்கிறதா, பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் போய்ச் சேருகிறதா என்பதெல்லாம் அவர் தலைவலி. மருத்துவமனையில் அன்றாடம் பொறுப்பு முதன்மை ஆய்வாளருக்கு, அதாவது அந்தப் பேராசிரியருக்கு. உங்கள் மகள் அவருக்குக் கீழே, எழுத்தில் ஒப்படைக்கப்பட்ட வேலைகளை மட்டும் செய்பவர். யார் எந்த வேலை செய்யலாம் என்று 'டெலிகேஷன் லாக்' என்று ஒரு பதிவேடு இருக்கும். அதில் தன் பெயருக்கு நேரே இல்லாத வேலையை அவர் தொடக்கூடாது. தான் போட்ட கையெழுத்துக்கு மட்டும் தான் பொறுப்பு.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'இந்த ஆய்வுக்குப் பதில் சொல்பவர் யார்' என்பது. இதை யாரிடமும் போய்க் கேட்கவும் வேண்டாம். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். இணையத்தில் எல்லோரும் பார்க்கலாம், காசு கிடையாது. ஆய்வின் பெயரையோ பேராசிரியர் பெயரையோ போட்டுத் தேடச் சொல்லுங்கள். முதன்மை ஸ்பான்சர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்ததா என்றும் இருக்கும். பதிவு செய்த தேதியையும் முதல் நோயாளியைச் சேர்த்த தேதியையும் பாருங்கள். நோயாளியைச் சேர்த்த பிறகு பதிந்திருந்தால் எனக்கு நெருடும். காரணம் கேட்கச் சொல்வேன். ஆய்வு அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் வேலை வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ படிப்பு நோக்கத்துக்கு மட்டும் சோதிக்கும் ஆய்வுகளை 2019 விதிகள் 'அகாடமிக்' என்று தனியாக வைத்திருக்கின்றன. முடிவைக் காட்டி விற்பனை உரிமம் கேட்கப் போவதில்லை என்றால், நெறிமுறைக் குழு ஒப்புதலோடு நடத்தலாம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் தனி அனுமதி பொதுவாகத் தேவைப்படாது. பல்கலைக்கழக ஆய்வுகளில் நிறைய இந்த வகை. இது சலுகைதான், ஆனால் கண்காணிப்பு தளர இடம் கொடுக்கும் சலுகை. எனவே நோயாளிக்குப் பாதிப்பு வந்தால் இழப்பீட்டுக்குக் காப்பீடோ நிறுவன நிதியோ இருக்கிறதா என்று நேர்முகத்திலேயே கேட்கலாம். "வந்ததும் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் நான் யோசிப்பேன்.

வேலை என்ன என்று கேட்டீர்கள். ஆய்வகத்தில் குடுவையைக் குலுக்குவது இல்லை, ஊசி போடுவதும் இல்லை. காலையில் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து, ஆய்வுக்குப் பொருந்துகிறவர் வருகிறாரா என்று கேஸ் ஷீட்டுகளைப் புரட்ட வேண்டும். வந்தால், டாக்டரோடு சேர்ந்து தகவல் தாளைத் தமிழில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு படித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும். இந்த வேலையின் உயிரே இந்த அரை மணி நேரம்தான். "டாக்டரம்மா சொன்னா சரிதான், எங்க கையெழுத்து?" என்று பேனாவை எடுக்கும் பாட்டியை நிறுத்தி, "வேண்டாம்னு சொன்னாலும் உங்களுக்கு வைத்தியம் நடக்கும் பாட்டி, வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்று சொல்ல ஒரு திடம் வேண்டும். இத்தனை நோயாளிகளைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கு முடியவில்லை என்று பேராசிரியர் முகம் சுளிக்கும் வாரத்திலும் அதையே சொல்ல வேண்டும். உங்கள் மகள் நன்றாகப் பேசுவார் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பேசவிட்டுக் கேட்கத் தெரிவது அதைவிட முக்கியம்.

மீதி நேரம் முழுக்கத் தாளும் போனும். மருந்து வைத்த ஃபிரிட்ஜின் வெப்பநிலையைத் தினம் குறிக்க வேண்டும். எத்தனை மாத்திரை போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எண்ண வேண்டும். மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வராதவரைப் போனில் தேட வேண்டும், பஸ் காசு கொடுக்க வேண்டும். யாருக்காவது கடுமையான பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். அது தீபாவளி அன்றும் வரும். தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசி அழிக்கக்கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் போட வேண்டும். இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னால், யார் சொன்னாலும் போடக்கூடாது. "நேத்தைய தேதி போட்டுடும்மா" என்று சாதாரணமாகத்தான் கேட்பார்கள். நீங்கள் பயப்படும் கேஸ் அந்த வழியில்தான் வரும்.

சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. ஒப்பந்த வேலை, ஆய்வுக்கு வந்த நிதி தீர்ந்தால் வேலையும் தீரும். நோயாளிகள் கிடைக்காமல் பாதியில் மூடும் ஆய்வுகளும் உண்டு, பேராசிரியர் இடம் மாறிப் போவதும் உண்டு. பெண் பார்க்க வருபவர்களிடம் "மருத்துவமனையில் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறாள்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

ஆனாலும் போகச் சொல்வேன். கம்பெனி ஆய்வில் எல்லாமே மேலிருந்து தயாராக வரும். கோஆர்டினேட்டர் நிரப்புவார், கம்பெனி அனுப்பும் மானிட்டர் சரிபார்ப்பார். ஒழுங்கு அங்கே கூடுதல், அதை ஒத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழக ஆய்வில் ஆள் குறைவு என்பதால் நெறிமுறைக் குழு விண்ணப்பம், சி.டி.ஆர்.ஐ. பதிவு, படிவ வடிவமைப்பு, செலவுக் கணக்கு, கடைசியில் கட்டுரை வரை எல்லாவற்றிலும் கை வைக்க நேரும். இரண்டு வருஷம் அப்படி இருந்தவரை பெங்களூரு, ஹைதராபாத் ஆய்வு நிறுவனங்கள் மானிட்டர் வேலைக்குக் கூப்பிடும். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்கும் போகலாம். எண்கள் பிடித்திருந்தால் புள்ளியியல் அல்லது பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு, வேலூர் சி.எம்.சி., சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா என்று நல்ல இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது வருஷமும் அதே நாற்காலியில் அதே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கக்கூடாது. முதல் நாளே அந்தக் கெடுவை மனதில் போட்டுக்கொண்டு போகட்டும்.

கடிதத்தின் கீழே, ஓர் இன்ஸ்டிடியூட் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோவும் வேலை உத்தரவாதமும் தருவதாகச் சொல்கிறது, முதலில் அதைப் படிக்க வைக்கவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணாச்சி. கையில் வேலை இருக்கும்போது வேலை கிடைக்க ஏன் பணம் கட்ட வேண்டும்? ஆய்வு நடத்தும் நல்முறைக்கான ஜி.சி.பி. பயிற்சியை 'குளோபல் ஹெல்த் நெட்வொர்க்' தளத்தில் இலவசமாக முடித்து சான்றிதழ் வாங்கலாம். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளம் வழியாக நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தையும் காசில்லாமல் படிக்கலாம். தேர்வு எழுதினால் மட்டும் சிறு கட்டணம். இரண்டையும் சேர்வதற்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வேலை உத்தரவு கைக்கு வந்ததும், ஒப்பந்தக் காலம், முன்னறிவிப்பு நாட்கள், வருங்கால வைப்பு நிதி பிடிப்பு இருக்கிறதா என்ற பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.