‘மீதிங்க்ஸ்’: நினைப்பதா, தோன்றுவதா?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஹேம்லெட்’ நாடகத்தில், ‘த லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ்’ என்ற வரியில் ‘மீதிங்க்ஸ்’ என்று ஒரு சொல் வருகிறது. ‘ஐ திங்க்’ என்பதன் பழைய வடிவமா இது? ‘ஐ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மீ’ ஏன்? ‘ஸ்’ எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படிச் சொல்வது?

பதில்: இதில் இருக்கும் ‘திங்க்’, நாம் அறிந்த ‘திங்க்’ அல்ல. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ‘தென்ச்சன்’ என்றால் நினைப்பது. ‘த்யுன்ச்சன்’ என்றால் தோன்றுவது. இறந்தகாலத்தில் முதலாவது ‘தோஹ்தெ’, இரண்டாவது ‘தூஹ்தெ’. ஓர் உயிரொலிதான் வித்தியாசம். இடைக்கால ஆங்கிலத்தில் உயிரொலிகள் மாறியபோது இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. ஜெர்மன் மொழியில் இந்த ஜோடி ‘டெங்கன்’, ‘டுன்கன்’ என்று பிரிந்தே நிற்கிறது. இரண்டாவது சற்றுப் பழைய நடை.

ஆக, ‘மீ’ என்பது ‘எனக்கு’, ‘திங்க்ஸ்’ என்பது ‘தோன்றுகிறது’. ஆங்கிலேயருக்கே இன்று விசித்திரமாகப் படும் இந்த அமைப்பு நமக்கு அன்றாடப் பேச்சு. ‘எனக்குத் தோணுது’ என்று நான்காம் வேற்றுமை போட்டுத்தானே பேசுகிறோம்! ‘லைக்’ என்ற வினையும் அப்படியே தொடங்கியது. ‘பிடித்திருப்பது’ என்பதே அதன் பழைய பொருள். யாருக்குப் பிடித்ததோ அவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார்.

தோன்றுவது நான் அல்ல, ஏதோ ஒரு விஷயம். அதனால்தான் படர்க்கை விகுதியான ‘ஸ்’. அதை விட்டுவிட்டு ‘மீதிங்க்’ என்று எழுதுவது பிழை. முன்னால் ‘ஐ’ சேர்ப்பது அதைவிடப் பெரிய பிழை. ‘நான் எனக்குத் தோன்றுகிறது’ என்பது போலாகிவிடும். இறந்தகாலம் ‘மீதாட்’. ஒரு காலத்தில் ‘அவனுக்குத் தோன்றியது’ என்பதற்கும் ‘ஹிம் தாட்’ என்ற வடிவம் இருந்தது. தன்மை ஒருமையில் மட்டும் எஞ்சியிருக்கிறது. இன்று வேண்டுமென்றே பழமை தொனிக்க எழுதுவோரிடம்தான் இதைப் பார்க்கலாம். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

நீங்கள் படித்த வரி மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியில் வருவது. நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தில், கணவன் இறந்தால் மறுமணமே செய்யமாட்டேன் என்று ஓர் அரசி சத்தியம் செய்கிறாள். அதைப் பார்த்து ஹேம்லெட்டின் தாயான ராணி கெர்ட்ரூட் சொல்வது அது. சொல் வரியின் கடைசியில் நிற்கிறது. பலர் முதலில் வைத்து மேற்கோள் காட்டுகிறார்கள். அங்கே ‘ப்ரொடெஸ்ட்’ என்பதும் எதிர்ப்பு அல்ல, உறுதிமொழி. ஆகவே தமிழில்: ‘அந்தப் பெண் அளவுக்கு மீறிச் சத்தியம் செய்கிறாள் என்று எனக்குப் படுகிறது.’