மாவுப்பூச்சியும் மாவட்டப் பக்கமும்

கேள்வி: நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் புரட்டினால், வேளாண் கல்லூரி மாணவியர் செயல்விளக்கம் அளித்தனர், கருத்தரங்கம் தொடங்கியது என்ற செய்திகளே கண்ணில் படுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய இந்தச் செய்திகளால் எங்களைப் போன்ற குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விவசாயிகளுக்கு என்ன பயன்? அந்த இடத்தில் கிழங்கு விலையைப் போட்டாலாவது உதவுமே!
– ஒரு வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: கிழங்கு விலையைப் போட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பல்கலைக்கழகச் செய்தியால் பயனே இல்லை என்பதை, அதுவும் ஆத்தூரிலிருந்து நீங்கள் எழுதும்போது, என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்குப் பக்கத்தில் ஏத்தாப்பூரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2020இல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு சேலம் பகுதிக் கிழங்குக் காடுகளிலும் பரவி, செடியின் நுனி இலைகளைக் முட்டைக்கோசு போலச் சுருட்டி வளர்ச்சியை நிறுத்தியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுருண்ட இலைக்குள் வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் பூச்சியின்மேல் மருந்து சரியாகப் படுவதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி அது. அதை அடக்கிவைக்கும் எதிரி அதனுடன் சேர்ந்து வரவில்லை. ஆகவே, அந்த எதிரியான சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் தருவித்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பெருக்கியபின், 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலுக்கு விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, வெறும் கூடாக்கிவிட்டு வெளியேறுகிறது. இதே குளவியைக் கொண்டு 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றிய பணிக்காகத்தான் ஹான்ஸ் ஹெரன் என்ற பூச்சியியல் அறிஞருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இதற்கு முன்பே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று தாவியது. பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை பறிப்பவர் நினைத்தபோது மருந்தடிக்கவும் முடியாது. 2010இல் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த வேறொரு குளவியைப் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சி நிலையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பெருக்கி விவசாயிகளிடம் கொடுத்தது. அப்போது விவசாயியை நம்பவைக்கக் கடினமாக இருந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: மருந்து அடிக்காதீர்கள். மருந்தடித்தால் முதலில் சாவது குளவி. கண் முன்னே செடி வெளுத்து நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு சில வாரம் பொறுத்திருக்கச் சொல்வது சாதாரணக் காரியமன்று; பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

உங்கள் கோபம் நியாயமாவது வேறோர் இடத்தில். அந்தக் குற்றம் எங்கள் பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்தது. எந்தக் கல்லூரியிலிருந்து செய்திக் குறிப்பு வந்தாலும் முதல் பத்தியில் விருந்தினர் பெயர்களும் கடைசிப் பத்தியில் ஆய்வும் இருக்கும். இடம் போதாதபோது நாங்கள் வெட்டுவது கடைசிப் பத்தியை. மாணவியர் நெல் விதைத் தேர்வைக் காட்டுகிறார்கள் என்று வையுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மிதந்து நாலணா அளவுக்கு மேற்புறம் தெரியும்வரை உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கிய நெல்லை நல்ல தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். மூன்று வரியில் அடங்கும் இந்தச் செய்முறை, படிப்பவரின் வீட்டிலேயே பயன்படும். நாளிதழில் வருவதோ வாளியைச் சுற்றி நிற்பவர்களின் படம். இந்தச் செயல்விளக்கங்கள், மாணவர்கள் ஊரில் தங்கி வேலை பழகும் திட்டத்தின் பகுதி. அந்தத் திட்டமே விவசாயியிடமிருந்து அவர்கள் கற்றுக்கொள்வதற்காகவும் ஏற்பட்டது; ஆனால் விவசாயி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட வருவதில்லை.

ஆகவே, அந்த இடத்தைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அதைச் சரியாக நிரப்பும்படி எங்களைக் கேளுங்கள். மாவுப்பூச்சி பிடித்த காட்டிலிருந்து விதைக்குச்சி வெட்டி வந்து நட்டால் பூச்சியும் கூடவே வரும் என்பதை நடவுக்கு முன்பே நாங்கள் அச்சிட்டிருக்க வேண்டும். நீங்களும் அடுத்த முறை மாணவியர் உங்கள் காட்டுக்கு வரும்போது, படத்துக்கு நிற்பதற்கு முன்னால் நுனி சுருண்ட ஒரு செடியைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொன்ன வழியையும், அது பலித்ததா இல்லையா என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஒரு வரியும் வெட்டாமல் வெளியிடுகிறேன்.