மரக்கடைக் கேள்வி பதில்: இந்தோனேசியாவா, மலேசியாவா?

கேள்வி: பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா மரவேலை செய்பவர். இந்தோனேசியா, மலேசியா பிளைவுட் ஏற்றுமதியை ஒப்பிட்டு புராஜெக்ட் எழுதுகிறேன். கணக்கு ஓரிடத்தில் கன மீட்டரில் இருக்கிறது, ஓரிடத்தில் டன், இன்னோரிடத்தில் டாலர். எதை வைத்து யார் முந்தி என்று சொல்வது? (வாசகி, திருமங்கலம்)

பதில்: கன மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்மா. எட்டடிக்கு நாலடி, 18 எம்எம் சீட் ஒன்று 0.0535 கன மீட்டர். 18.7 சீட் சேர்ந்தால் ஒரு கன மீட்டர். எந்த ஊர்ச் சீட்டானாலும் இது மாறாது.

டன் அப்படியில்லை. கீழவாசலில் கடை வைத்திருந்தபோது லோடு இறக்குகிறவர்கள் சீட்டின் ஒரு முனையைத் தூக்கியதுமே என்ன மரம் என்று சொல்லிவிடுவார்கள். மலேசியாவின் சரவாக் மாநிலத்து மெராந்தி மரச் சீட்டின் அறுத்த ஓரம் செம்மண் நிறத்தில் இருக்கும். 18 எம்எம் ஏறக்குறைய முப்பது கிலோ வரும். இந்தோனேசியாவின் ஜாவாவில் விவசாயிகள் நிலத்தில் வளர்க்கிற செங்கோன் மரத்தை உள்ளே வைத்தது வெளுப்பாக, லேசாக இருக்கும்; இருபது கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். சீட் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் டன் கணக்கில் செங்கோன் விற்கிறவர் தோற்றுப்போவார். டாலரில் பார்த்தால் அந்தந்த வருட விலை உள்ளே புகுந்துவிடும்.

அடுத்தது, எந்த வருடம் என்று சொல்லாமல் ‘யார் முந்தி’ என்று எழுதாதீர்கள். இந்தோனேசியா 1985-இல் அறுக்காத முழு மரத்தடி ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. தடியாக விற்க வழியில்லாததால் அங்கே ஆலைகள் பெருகின. 1990-களின் முற்பகுதியில் வருடத்துக்கு 80 லட்சம் கன மீட்டருக்கு மேல் பிளைவுட் கப்பலேறியது. அப்போது மலேசியா எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே இல்லை. பிறகு காட்டில் பெருமரம் குறைந்தது. 1998-இல் பன்னாட்டு நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தத்தால், ஏற்றுமதியைக் கையில் வைத்திருந்த பிளைவுட் ஆலைகளின் சங்கமான ஆப்கிண்டோவின் பிடியும் விட்டுப்போனது. 2000-களின் நடுவில் மலேசியா முன்னே வந்தது. அது பெரும்பாலும் சரவாக், சபா மாநிலங்களின் சரக்கு. ஜப்பான்காரர்கள் கான்கிரீட் சென்ட்ரிங்குக்கு அதைத்தான் வாங்கிக் குவித்தார்கள். அதன் பின் சரவாக்கில் மரம் சுருங்க, தோட்ட மரத்தை நம்பிய இந்தோனேசியா மறுபடி மேலே வந்துவிட்டது.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்தோனேசியா தடியை நிறுத்தியபோதும் சரவாக் தடியாகவே விற்றுக்கொண்டிருந்தது. 2010-களில் அதைப் பெரிய அளவில் வாங்கியது நம் நாடுதான். குஜராத்தின் கண்ட்லா துறைமுகத்தில் மலை மலையாக இறங்கியது. அதே மரம்தான், ஆனால் பிளைவுட்டுக்கான சுங்க எண் 4412-இல் வராது, தடிக்கான 4403-இல் போய் உட்காரும். பிளைவுட் பத்தியை மட்டும் பார்த்தால் மலேசியக் காட்டிலிருந்து போனதில் ஒரு பங்கு கண்ணிலேயே படாது. ஒரே வருடத்துக்கு இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அட்டவணை போடுங்கள்.

கேள்வி: ‘மலேசியா பிளை’ என்று சொல்லி விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். மதுரைக்கு வருகிற சரக்கில் பெரும்பாவூர் ரப்பர் மரச் சீட் நிறைய உண்டு. அதில் நல்லதும் இருக்கிறது. சமையலறைக்கு என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை கேளுங்கள். அந்தச் சீட் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஏடு பிரியக் கூடாது. அலமாரிக்கு ஐ.எஸ். 303 போதும்.