கிளேர் பள்ளத்தாக்கில் மூன்று நாள்: ஒயின் அவருக்கு, கங்காரு உங்களுக்கு, சைக்கிள் இருவருக்கும்

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். அக்டோபரில் எங்கள் பத்தாவது திருமண நாள். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, வெள்ளி முதல் ஞாயிறு வரை நாங்கள் இருவர் மட்டும் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குக்குப் போக நினைக்கிறோம். கணவருக்கு ஒயின் பிடிக்கும். நான் குடிப்பதில்லை, எனக்குப் பறவைகளும் விலங்குகளும் பார்க்க வேண்டும். ரீஸ்லிங் டிரெயிலில் சைக்கிள் ஓட்ட இருவருக்குமே ஆசை. ஆனால் நான் சைக்கிளைத் தொட்டு 12 வருஷம் ஆகிறது. மூன்று நாளில் எல்லாம் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஒரே ஒரு நிபந்தனை. ஒயின் ஆலைகளில் ருசி பார்க்கும் கடைகள் திறக்கும் நேரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். விலங்குகள் வெளியே வரும் நேரத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, மீதி இடத்தில் மற்றதைப் பொருத்துங்கள். ஒயின் எங்கேயும் ஓடிவிடாது. கங்காரு காலை எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் மர நிழலில் படுத்துவிடும். அங்கே போகும் பெரும்பாலான ஜோடிகள் பத்து மணிக்குக் கிளம்பி, முதல் கடையிலேயே அரை நாளைக் கழித்துவிட்டு, நடு வெயிலில் சைக்கிளை மிதித்துக் களைத்துப்போகிறார்கள்.

முதலில் சைக்கிள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ரீஸ்லிங் டிரெயில் ஒரு பழைய ரயில் பாதை. 1983 பிப்ரவரியில், சாம்பல் புதன் அன்று மூண்ட காட்டுத்தீயில் இந்தத் தடம் சேதமானது. அதன் பிறகு ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்த மண்மேட்டையே 1990களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக்கினார்கள். ரயிலுக்குப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் எங்கேயும் கிடையாது. கார்கள் வராது, சில இடங்களில் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தெற்கே ஆபர்னில் தொடங்கி, வாட்டர்வேல், பென்வொர்த்தம், செவன்ஹில், கிளேர் ஊர்கள் வழியாக வடக்கே போகிறது. மொத்தம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்.

அத்தனையையும் ஓட்டியே தீர வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பென்வொர்த்தம் பக்கம்தான் பாதையின் உச்சி. அங்கிருந்து வடக்கே போனாலும் தெற்கே போனாலும் இறக்கம். ஆகவே செவன்ஹில்லில் ஏறி, உச்சிவரை மெதுவாக மிதித்து, பிறகு வாட்டர்வேல் வழியாக ஆபர்னுக்கு இறங்குங்கள். இருபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 12 வருஷம் ஓட்டாதவரும் நிதானமாக நின்று நின்று மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: செவன்ஹில்லில் இறக்கிவிட்டு ஆபர்னில் வந்து ஏற்றிக்கொள்வார்களா, அகல டயர் வண்டி இருக்கிறதா. பாதை சரளை; மெல்லிய டயர் வழுக்கும். சீட் உயரத்தைக் கடையிலேயே சரிசெய்து, தெருவில் நாலு சுற்று ஓட்டிப் பாருங்கள். நான் முதல் முறை அவசரத்தில் அதைச் செய்யாமல் கிளம்பி, நாலாவது கிலோமீட்டரிலேயே முழங்கால் வலியோடு இறங்கி நடந்தேன். ஹெல்மெட் அங்கே சட்டப்படி கட்டாயம்.

அக்டோபரில் ஹெல்மெட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கறுப்பு வெள்ளை மேக்பை பறவைக்கு அது குஞ்சு வளர்க்கும் காலம். கூட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் வந்தால் ஆண் பறவை பின்னாலிருந்து பாய்ந்து தலையில் தட்டும். பயந்து வேகமாக மிதித்தால் துரத்தும். இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும்.

இனி நீங்கள் கேட்ட விலங்குகள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அடிலெய்டில் இறங்கிக் காரை எடுத்துவிடுங்கள். கிளேர் வடக்கே சுமார் 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அறையில் பெட்டியை வைத்துவிட்டு, கிளேருக்குத் தெற்கே இருக்கும் ஸ்பிரிங் கல்லி வனப்பூங்காவுக்குப் போங்கள். ரெட் ஸ்டிரிங்கிபார்க் என்ற யூகலிப்டஸ் மரம் அந்த மாநிலத்தில் இயற்கையாக வளரும் இடம் அது ஒன்றுதான். அந்தி சாயும் முன் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் பேசாமல் உட்காருங்கள். இரண்டு வகைக் கங்காரு வரும். வெஸ்டர்ன் கிரே மெலிந்த உடம்பு, முகம் கறுத்திருக்கும். யூரோ என்பது குட்டையான கட்டுமஸ்தான உடம்பு, பரட்டை முடி, மூக்கு நுனி முடியில்லாமல் கறுப்பாக இருக்கும். பாறைச் சரிவுகளில் தேடுங்கள். கிளம்பும்போது இருட்டியிருக்கும், காரை மெதுவாக ஓட்டுங்கள். அவை சாலையைக் கடக்கும் நேரமும் அதுதான்.

எனக்கு மிகவும் பிரியமானது கங்காரு அல்ல. அக்டோபரில் பாதையோரம் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும் ஒரு பிராணி. ஷிங்கிள்பேக் என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் ஸ்லீப்பி லிசர்ட் என்பார்கள். நம் ஊர் அரணையின் இனம்தான், ஆனால் ஓரடிக்குக் குறையாது. உடம்பு முழுக்க பைன் காய் போலத் தடித்த செதில். வால் குட்டையாக, தலை மாதிரியே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எது முன், எது பின் என்று தெரியாது. கிட்டே போனால் வாயைப் பிளந்து கருநீல நாக்கை நீட்டும். 'அரணை கடித்தால் மரணம்' என்பது நம் ஊர் அரணைக்கும் பொருந்தாது, இதற்கும் பொருந்தாது. விஷம் இல்லை. ஆனால் கையில் தூக்காதீர்கள், தாடை வலு அதிகம்.

ஒன்றைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் பாருங்கள். வசந்தத்தில் சில வாரங்கள் ஆண், பெண்ணுக்குப் பின்னாலேயே ஒட்டி நடக்கும். பெண் தின்னும்போது ஆண் தலையைத் தூக்கிக் காவல் பார்க்கும். பிறகு பிரிந்துபோய் மாதக்கணக்கில் தனித்தனியாக வாழும். அடுத்த வசந்தத்தில் அதே ஜோடி மறுபடியும் சேரும். இதே மாநிலத்தில் மவுண்ட் மேரி பக்கம் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் மைக்கேல் புல் 1982 முதல் இவற்றுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தார். 20 வருஷத்துக்கும் மேல் சேர்ந்திருந்த ஜோடிகள்கூட அதில் பதிவாகியிருக்கின்றன. ஒன்று காரில் அடிபட்டால் மற்றது பக்கத்திலேயே நிற்பதையும் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: சாலையில் கிடப்பது மரக்கட்டையா பிராணியா என்று சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள்.

புல் உயரமாக இருக்கும் ஓரத்தில் கால் வைக்காதீர்கள். பழுப்புப் பாம்பு அந்தப் பக்கம் உண்டு, கொடிய விஷம். பாதையின் நடுவிலேயே, முன்னால் பார்த்துக்கொண்டே போங்கள்.

சரி, ஒயினுக்கு வருவோம். உங்கள் கணவருக்கு முதலில் செவன்ஹில்லைக் காட்டுங்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள், பூசைக்கு ஒயின் வேண்டும் என்று 1851இல் திராட்சை நட்ட இடம். பள்ளத்தாக்கின் முதல் ஒயின் ஆலை. இன்றும் பூசை ஒயின் செய்கிறார்கள். பக்கத்தில் கல்லால் கட்டிய புனித அலோசியஸ் ஆலயம், அடியில் நிலவறைக் கல்லறை. குடிக்காதவருக்கும் அங்கே ஒரு மணி நேரம் போவது தெரியாது.

ஆனால் சைக்கிள் ஓட்டும் நாளில் கணக்கு முக்கியம். ருசி பார்க்க ஒரு முறை ஊற்றுவது சுமார் 30 மில்லி. நாலு வகை பார்த்தால் 120 மில்லி, 12.5 சதவீத ஒயினில் அது ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்கை, அதாவது 10 கிராம் ஆல்கஹாலை, கொஞ்சம் தாண்டிவிடும். இரண்டு இடத்தில் அப்படிச் செய்தால் இரண்டரைக்குப் பக்கம். போதையில் கட்டுப்பாடு இல்லாமல் சைக்கிள் ஓட்டுவதும் அங்கே குற்றம்தான். ஆகவே சனிக்கிழமை காலை ஏழரைக்கே சைக்கிளில் ஏறுங்கள். வண்டியை முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வாட்டர்வேலில் ஒரே ஒரு கடை. மற்றதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காரில், நீங்கள் ஓட்ட. ருசி பார்த்துத் துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவது அவமரியாதை இல்லை, ஒயின் செய்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். நீங்களும் கோப்பையை முகர்ந்து மட்டும் பாருங்கள். ரீஸ்லிங் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் பேர்போன வெள்ளை ஒயின். இளம் ரீஸ்லிங்கில் எலுமிச்சைத் தோல் கீறிய வாசனை அடிக்கும். பழையதில் வறுத்த ரொட்டி வாசனை. அந்த வருஷ அறுவடை ஒயின் அக்டோபருக்குள் பெரும்பாலும் விற்பனைக்கு வந்திருக்கும். கார்க் இல்லாமல் திருகு மூடி இருந்தால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்; 2000ஆம் ஆண்டு அறுவடையில் கிளேர்க்காரர்கள் பலர் சேர்ந்து வேண்டுமென்றே ரீஸ்லிங்குக்கு அதைப் போட்டார்கள், கார்க் நாற்றம் ஏறாமல் பத்து இருபது வருஷம் நிற்கட்டும் என்று.

மெல்பர்னிலிருந்து வருவதால் உங்களுக்கு இன்னொன்று, தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிலாக்சரா என்ற சிறு பூச்சி திராட்சை வேரை உறிஞ்சிக் கொடியையே கொன்றுவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது அதுதான். விக்டோரியாவில் யாரா பள்ளத்தாக்கு உட்படச் சில பகுதிகளில் அது இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் இல்லை. செருப்பில் ஒட்டிய மண்ணே அதைக் கொண்டுபோய்விடும். யாரா தோட்டம் எதிலாவது நடந்த ஷூவைக் கொண்டுபோக வேண்டாம். கிளேரில் படம் எடுப்பதற்காகக் கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். வேலிக்கு வெளியே நின்று எடுங்கள். பழ ஈ காரணமாகப் பழங்களும் மாநிலத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளுக்கு வெட்டிய மாம்பழம் மிச்சம் பையில் கிடக்கிறதா என்று விமானம் ஏறும் முன் பார்த்துவிடுங்கள்.

ஞாயிறு விடியலில் மறுபடி ஒரு நடை, கையில் 8x42 பைனாகுலரோடு. கலா கிளிகளின் கூச்சல், ஃபெரி ரென் என்ற குட்டிப் பறவையில் ஆணின் நீலம், அதிர்ஷ்டம் இருந்தால் மேலே ஆப்புவால் கழுகு. அப்புறம் காலை உணவு, கல் வீடுகள் நிறைந்த மின்டாரோ ஊரில் ஒரு சுற்று. மாலை விமானம் என்றால் அடிலெய்டு கடிகாரம் மெல்பர்னுக்கு அரை மணி பின்னால் என்பதை மறக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே நகரத்துக்குள் வந்துவிடுமாறு கிளம்புங்கள்.