மலைமேல் ஒரு சின்னக் குளம்: ஹோர்ட்டன் சமவெளி நடை பற்றிய கேள்வி பதில்

கொழும்பிலிருந்து பல தடவை, மலைநாட்டின் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் நடந்திருக்கிறேன். விடுமுறை நெருங்குவதால் கனபேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, காட்டுக்குள்ளால நடந்து போனா மலைமேல ஒரு சின்ன ஏரி. படங்களில பாக்கிற அந்த மாதிரி இடம் எங்கட நாட்டில இருக்கா? (வெள்ளவத்தை)

தம்பி, படங்களில் பார்க்கும் அந்த ஏரிகளில் பல, பனியாறுகள் மலையைக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள். எங்கள் மலைநாட்டில் அப்படி நடக்கவில்லை. கண்டி வாவியை 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்தான். நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் ஆங்கிலேயர் அமைத்தது. இரண்டுக்கும் வாசல் வரை வாகனம் போகும்.

நடந்தே போய்ச் சேரவேண்டிய நீர் வேண்டுமென்றால், ஹோர்ட்டன் சமவெளிச் சுற்றுப்பாதையில் உள்ள சிம்னி பூல்தான் என் பதில். ஏரி என்று சொல்ல முடியாது, சின்னக் குளம். சுற்றிவரப் புல், அதற்கப்பால் கூனிக் குறுகிய மரங்கள். கறுத்த மண்ணின் மேல் கிடப்பதால் தூரத்திலிருந்து பார்க்கத் தண்ணீரும் கறுப்பாகவே இருக்கும். கரையில் குந்தியிருந்து பாருங்கள், அடியில் கிடக்கும் சருகின் நரம்பு கூடத் தெரியும். நான் அதில் காலை வைத்ததில்லை. நீங்களும் வைக்க வேண்டாம்.

எவ்வளவு தூரம்? 9 வயசு மகளைக் கூட்டிக்கொண்டு போகேலுமா? (தெஹிவளை)

தாராளமாக. முழுச் சுற்று ஏறத்தாழ 9 கிலோமீற்றர். பிள்ளையோடு என்றால் நான்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதலில் சின்ன உலக முடிவு (World's End எனும் மலை விளிம்பு), பிறகு பெரிய உலக முடிவு, அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி, கடைசியாகக் குளம் என்ற ஒழுங்கில் நடப்பது நல்லது. உலக முடிவில் 800 மீற்றருக்கு மேல் செங்குத்தான பள்ளம். அங்கே மகளின் கையை விடவே கூடாது, ஒரு படத்துக்காகக் கூட. நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பாதை செங்குத்து. பிள்ளைகள் அங்கேதான் களைத்து அழுவார்கள், அதுவரை இனிப்பு ஏதாவது மிச்சம் வைத்திருங்கள்.

எத்தனை மணிக்கு நிக்க வேணும்? நாங்கள் கொட்டாஞ்சேனையில இருந்து வானில வாறம்.

விடிய 6 மணிக்குப் பூங்கா வாசலில் நில்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்பது, பத்து மணியானால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி உலக முடிவை மூடிவிடும். பிறகு ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கொழும்பிலிருந்து இரவிரவாக ஓடி வந்து, நித்திரை இல்லாத சாரதியோடு அந்த வளைவுகளில் ஏறாதீர்கள். முதல் நாளே நுவரெலியாவிலோ ஒஹியவிலோ தங்குங்கள். ரயிலில் வருபவர்கள் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கலாம். ரயில் பாதை திறந்திருக்கிறதா என்று கொழும்புக் கோட்டை நிலையத்தில் முதலே விசாரியுங்கள். தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

குளிர் எப்படி? அட்டை கடிக்குமா?

சமவெளி 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை அளவுதான், ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி படியும். கொழும்பு வெயிலுக்குப் பழகிய உடம்பு நடுங்கும். ஒரே தடித்த சுவெட்டரை விட மெல்லிய உடுப்பு மூன்று அடுக்கு நல்லது, வெயில் ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அட்டை சிங்கராஜா மழைக்காட்டின் அளவுக்குத் தொல்லை தராது. கடித்தால் பிடித்து இழுக்காமல் நகத்தை அடியில் வழுக்கி எடுங்கள்.

எனக்கு ஆஸ்துமா. உயரத்தில மூச்சு முட்டுமா?

உயர நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேல்தான் வரும். உங்களுக்குப் பயம் உயரமல்ல, காய்ந்த குளிர்காற்று. வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், இன்ஹேலரைச் சட்டைப்பையில் வையுங்கள், வாயையும் மூக்கையும் ஒரு சால்வையால் மூடி நடவுங்கள்.

சாப்பாடு கொண்டு போக விடுவினமா? மரைக்குப் பாண் குடுக்கலாமா?

சாப்பாடு கொண்டு போகலாம், பொலித்தீன் கூடாது. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஒருமுறை என் பிஸ்கட் பக்கற்றைப் பிரித்து, பிஸ்கட்டை மட்டும் கடதாசிப் பையில் கொட்டித் தந்தார்கள். அன்றிலிருந்து இடியப்பமும் சம்பலும் எவர்சில்வர் பெட்டியில்தான்.

மரைக்கு எதுவும் கொடுக்காதீர்கள். வாகனத் தரிப்பிடத்தில் அவை ஆளுக்குக் கிட்டவே வந்து நிற்கும், ஈர மூக்கை நீட்டும், மனம் இளகத்தான் செய்யும். ஆனால் பாணுக்குப் பழகிய மிருகம் பாண் சுற்றிவந்த உறையையும் சேர்த்து விழுங்கும். மனிதரைக் கண்டு ஒதுங்கும் பழக்கத்தையும் இழக்கும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்துபோயிருக்கிறது.

ஏன் குளத்தில குளிக்கக் கூடாது எண்டு இவ்வளவு கண்டிப்பு? ஒரு சின்னத் தண்ணிதானே, அக்கா? (பம்பலப்பிட்டி)

தங்கச்சி, அந்த மேட்டு நிலம் மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைப்பிடம். அங்குள்ள மரங்களின் பாசி மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குகிறது, மழை இல்லாத நாளிலும். களனி ஆற்றுத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் கொழும்புக் குழாய்களுக்குப் பெருமளவு அனுப்புகிறார்கள். நீங்கள் காலையில் முகம் கழுவும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த மலைகளில் பிறந்தது. சவர்க்காரமும் ஷாம்புவும் தவளைக் குஞ்சுகளுக்கு நஞ்சு. அங்குள்ள தவளைகளில் சில இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை.

அப்ப அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?

வேண்டாம். மரைகள் அதற்குள்தான் இறங்கி நிற்கும். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் கொண்டு போங்கள், நிரப்பித் திரும்பப் பாவிக்கும் போத்தலில்.

கடைசியா ஒரு கேள்வி: சாதாரண சப்பாத்து போதுமா?

அடி தேயாத ஓட்டச் சப்பாத்துப் போதும். ஒருமுறை அடி தேய்ந்த சோடியோடு போய், குளத்துக்குச் சற்று முன்னால் ஈர வேரில் வழுக்கி முழங்கால் வீங்கி, மிச்சத் தூரத்தைத் தங்கையின் தோளில் சாய்ந்து நடந்தேன். போக முதல் நாள் சப்பாத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் வரி அழிந்திருந்தால் வேறு சோடி எடுங்கள்.