லைட் மங்குது, பம்ப் நிக்கல: ட்ரெய்லர் கேள்வி பதில்

கேள்வி (டல்லாஸ் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்): சார், பழைய ட்ராவல் ட்ரெய்லர் ஒண்ணு வாங்கி, புது பேட்டரி நானே மாட்டினேன். கேம்ப்கிரவுண்ட்ல கரண்ட் சொருகியாச்சு, ஏசி ஜம்முனு ஓடுது, மைக்ரோவேவும் ஓடுது, ஆனா லைட் மட்டும் மங்கிக்கிட்டே வந்து ராத்திரி அணைஞ்சு போச்சு, வாட்டர் பம்ப்பும் நின்னுடுச்சு. கரண்ட் இருக்கும்போது லைட் எப்படி சார் போகும்?

பதில்: உங்க வண்டிக்குள்ள ரெண்டு கரண்ட் ஓடுது, இது பிடிபட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஏசி, மைக்ரோவேவ், சுவத்துல இருக்குற பிளக் பாயின்ட் இதெல்லாம் கேம்ப்கிரவுண்ட் கரண்ட் கம்பத்துல இருந்து நேரா வர்ற 120 வோல்ட். லைட், பம்ப், ஃபர்னஸோட ஃபேன், ஃப்ரிட்ஜோட கண்ட்ரோல் போர்டு எல்லாம் 12 வோல்ட். அந்த 120ஐ 12 ஆக்கி லைட்டுக்கும் குடுத்து பேட்டரியையும் சார்ஜ் பண்றது கன்வெர்ட்டர். உங்க கேஸ்ல கன்வெர்ட்டர்ல இருந்து ஒண்ணும் வரல, பேட்டரியில இருந்தது தீர்ற வரைக்கும் லைட் எரிஞ்சிருக்கு, அவ்ளோதான்.

20 டாலருக்குள்ள ஒரு மல்டிமீட்டர், அதாவது வோல்ட் அளக்குற மீட்டர், வாங்கிக்குங்க, ட்ரெய்லர் வச்சிருக்குற எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல சொல்வேன். கரண்ட் சொருகி இருக்கும்போது பேட்டரி முனையில வச்சு பாருங்க, 13 வோல்ட்டுக்கு மேல, 14 பக்கமா காட்டினா சார்ஜ் ஆகுது. 12.6க்கு கீழ காட்டி இன்னும் இறங்கிட்டே இருந்தா ஆகல. அப்போ ஃபியூஸ் பெட்டியை திறங்க, ஓரமா பெரிய ஃபியூஸ் ரெண்டு பக்கத்துல பக்கத்துல இருக்கும், பெரும்பாலும் 30 இல்ல 40 ஆம்ப். பேட்டரி வயரை ஒரு செகண்ட் மாத்தி தொட்டாலே அது ரெண்டும் போயிடும், மத்த சாமானை காப்பாத்தத்தான் அதை வச்சிருக்காங்க. நீங்களே பேட்டரி மாட்டினேன்னு சொல்றீங்க பாருங்க, என் சந்தேகம் முழுக்க அங்கதான். கார்ல கறுப்பு வயர்னா நெகட்டிவ், ஆனா பல ட்ரெய்லர்ல கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளைதான் நெகட்டிவ், கார் பழக்கத்துல மாட்டுறவங்க மாட்டிக்கிறது இங்கதான். வெள்ளை வயர் இரும்பு ஃப்ரேம்ல போய் சேர்ற இடத்தை பார்த்து உறுதி பண்ணிக்கிட்டு, அதே ஆம்ப்ல புது ஃபியூஸ் போடுங்க, பெருசா போட்டுடாதீங்க. அதுக்கப்புறமும் சார்ஜ் ஏறலன்னா கன்வெர்ட்டரோட பிரேக்கர், பேட்டரி டிஸ்கனெக்ட் ஸ்விட்ச், ஃப்ரேம்ல வெள்ளை வயரை பிடிச்சிருக்குற போல்ட் துருப்பிடிச்சிருக்கான்னு பார்த்துட்டு கடைசியா கன்வெர்ட்டர் மேல கை வைங்க.

கேள்வி (ஸ்கார்பரோ வாசகி): அண்ணா, எங்கட ட்ரெய்லரில எல்லாப் பைப்பும் பூட்டித்தான் கிடக்கு, ஆனா பம்ப் இடைக்கிடை டுர்ர் எண்டு ஓடி ஓடி நிக்குது. இரவில பிள்ளையளுக்கு நித்திரையே இல்லை. பம்பை மாத்தவேணுமோ?

பதில்: அவசரப்பட்டு மாத்தாதீங்கம்மா. பைப்ல பிரஷர் குறைஞ்சா பம்ப் தானா ஓடும், ஏறினதும் நிக்கும். யாரும் திறக்காம குறையுதுன்னா தண்ணி எங்கயோ போகுது, ஒண்ணு வெளிய கசியுது, இல்ல பம்ப்குள்ள தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடுற செக் வால்வ் பிடிக்காம திரும்ப டேங்குக்கே போகுது. எதுன்னு கண்டுபிடிக்க பம்பை ஆஃப் பண்ணிட்டு கேம்ப்கிரவுண்ட் ஹோஸை மாட்டி தண்ணியை திறந்து விடுங்க. டேங்க் அளவு தானா ஏறினா செக் வால்வ்தான், பல பம்ப்ல தலைப்பகுதி மட்டும் தனியா மாத்தலாம். ஹோஸ் மாட்டும்போது பிரஷர் ரெகுலேட்டர் இல்லாம மாட்டாதீங்க, 40லேர்ந்து 50 பிஎஸ்ஐ போதும், சில இடத்துல கேம்ப்கிரவுண்ட் குழாய்ல அதை விட நிறைய வரும்.

டேங்க் ஏறலன்னா கசிவைத் தேடணும். உங்க ஊர் குளிர்ல முதல்ல பார்க்க வேண்டியது டாய்லெட் பின்னாடி இருக்குற பிளாஸ்டிக் வால்வும் வெளி ஷவரும்தான். தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருசாகும், பைப் கூட தாங்கிடும், இந்த பிளாஸ்டிக் ஃபிட்டிங் தாங்காது, மயிரிழை மாதிரி விரிசல் விடும், கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு ஜாயின்ட் கீழயும் காஞ்ச டிஷ்யூ ஒண்ணு வச்சுட்டு பம்பை ஆன்ல விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எது நனைஞ்சிருக்குன்னு பாருங்க. அதுவரைக்கும் ராத்திரி படுக்கும்போது பம்ப் ஸ்விட்சை அணைச்சிடுங்க, பிள்ளைங்க தூங்கட்டும். அடுத்த குளிருக்கு முன்னாடி பிங்க் கலர் ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் மட்டும் ஊத்துங்க, கார்ல ஊத்துறது விஷம், குடிதண்ணி பைப்ல அது போகவே கூடாது.

கேள்வி (வட கரோலினா வாசகர்): வீட்டு கராஜ் பக்கத்துல ட்ரெய்லருக்கு 30 ஆம்ப் பாயின்ட் போடப் போறோம். எலக்ட்ரீஷியன்கிட்ட என்ன சொல்லணும்?

பதில்: "120 வோல்ட்"னு எழுதியே குடுங்க, வாயால மட்டும் சொல்லாதீங்க. மூணு பின் இருக்குற இந்த பாயின்ட், பார்க்க துணி காயப்போடுற டிரையர் பாயின்ட் மாதிரியே இருக்கும், அது 240 வோல்ட். ட்ரெய்லர் பழக்கமில்லாதவங்க அதே ஞாபகத்துல 240 குடுத்துடறாங்க, சொருகின அந்த நொடியே கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஏசி போர்டு வரிசையா போயிடும். டிடி-30 (TT-30) பாயின்ட், சிங்கிள் போல் 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் இல்ல அதை விட தடிமனான காப்பர் வயர். வேலை முடிஞ்சதும், சொருகுறதுக்கு முன்னாடி, அவரையே மீட்டர் வச்சு காட்டச் சொல்லுங்க: ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் 120 பக்கம், ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் 120 பக்கம், நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். 240 காட்டுச்சுன்னா சொருகாதீங்க.

கேள்வி: மழை பெஞ்ச அன்னைக்கு வெறுங்கால்ல நின்னு ட்ரெய்லர் கதவைத் தொட்டா சுர்ருனு அடிக்குது. லேசாத்தான். பார்த்துக்கலாமா?

பதில்: வேண்டாம், இன்னைக்கே நிறுத்துங்க. கம்பத்துல பிரேக்கரை அணைச்சு, அப்புறம் கேபிளை பிடுங்குங்க, குழந்தைங்க கிட்டயே போக வேண்டாம். வண்டியோட உடம்புல கரண்ட் நிக்குது, கிரவுண்ட் எங்கயோ விட்டிருக்கு, கம்பத்துலயா உங்க கேபிள்லயா உள்ளயான்னு தெரிஞ்சாகணும். லேசான ஷாக்னு நினைக்காதீங்க, செருப்பு இல்லாம ஈரத்துல நின்னா இதே கரண்ட் ஆளையே கொல்லும். லைசென்ஸ் உள்ளவர் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் எந்த கம்பத்துலயும் சொருகாதீங்க.

கேள்வி: வாட்டர் ஹீட்டர் கொதிக்குது, குழாய்ல வெதுவெதுன்னுதான் வருது. ஏன்?

பதில்: வெளி ஷவரோட ரெண்டு குழாயும் திறந்திருந்து, நுனியில இருக்குற பட்டன் மட்டும் மூடியிருந்தா அங்க சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் கலந்து பைப் பூரா ஓடும். அதை மூடிப் பாருங்க. இல்லன்னா தண்ணி ஹீட்டருக்குள்ள போகாம சுத்திப் போக குளிர்காலத்துக்கு திருப்பி வச்ச பைபாஸ் வால்வை திருப்பிப் போடாம விட்டிருப்பீங்க, ஹீட்டருக்குப் பின்னாடி இருக்கும். ஒண்ணு மட்டும் கவனம்: ஹீட்டர்ல தண்ணி நிறைஞ்சிருக்குன்னு உறுதியாகாம எலக்ட்ரிக் ஸ்விட்சை போடாதீங்க, காஞ்ச டேங்க்ல எலிமென்ட் உடனே கருகிடும். வெளிய ஹீட்டர்ல இருக்குற ரிலீஃப் வால்வை தண்ணி ஆறியிருக்கும்போது லேசா தூக்கிப் பாருங்க, தண்ணி வந்தா நிறைஞ்சிருக்கு.